லீவ் கிடைக்கவில்லை என்று சொன்னேன்

கனடா ராணுவத்தில் சேரப் போவதாக என் பேத்தி சொன்னபோது, அந்த நாட்டுக்கு ராணுவம் உண்டா என்றுதான் முதலில் கேட்டேன். கேலிக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே எனக்குத் தெரியாது.

"இருக்கு தாத்தா. சின்னது, ஆனா இருக்கு" என்று ஃபோனில் சிரித்தாள்.

அவள் படிக்கப் போய், வேலை பார்த்து, அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமை வாங்கியிருந்தாள். குடியுரிமை இல்லாதவர்களையும் இப்போது சேர்த்துக்கொள்கிறார்களாம். சேரும்போது மன்னர் பேரில் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று அந்த வரியைப் படித்துக் காட்டினாள். நான் பிறந்த சில மாதங்களில் வெள்ளைக்காரன் கப்பலேறினான்.

"அவன் ஒழிஞ்சான்னு நாங்க இருக்கோம். நீ தேடிப் போய் சத்தியம் பண்ணிக் குடுக்கறியாக்கும்" என்றேன்.

"விடுங்கோப்பா, ராஜா என்ன இவளைக் கூப்பிட்டு விசாரிக்கவா போறார்?" என்றாள் பக்கத்தில் இருந்த என் மகள்.

என் ஒரே மகள் அவள். மணவாழ்க்கை முறிந்து, நான்காவது படிக்கும் குழந்தையோடு மும்பை செம்பூரில் என் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். என் மனைவி அதற்கு முன்பே போய்விட்டாள். அதன் பிறகு அந்த இரண்டு அறைகளில் நாங்கள் மூன்று பேரும்தான். பேத்தி கனடா போன பிறகு இரண்டு பேர். இப்போது நான் மட்டும் இருக்கிறேன். இதை எழுதுவது பேத்தியைப் பற்றிப் பெருமை பேச அல்ல. நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல.

எங்கள் குடியிருப்பு சொசைட்டியில், பக்கத்துக் கட்டடத்தில், ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். எங்களைப் போலவே பாலக்காட்டுக் குடும்பம், மாதுங்காவில் வளர்ந்தவர். அவருடைய பேரன் அமெரிக்காவில் பிறந்து அமெரிக்க ராணுவத்தில் இருப்பவன். மொட்டைத் தலையும் முறைத்த பார்வையுமாக அவன் நிற்கும் படத்தை வாட்ச்மேன் வரைக்கும் காட்டியிருக்கிறார். சாயங்காலம் கேட்டுக்குப் பக்கத்து பெஞ்சில் அவரும் நானும் உட்காருவோம். பேத்தி பயிற்சிக்குப் போன நாளிலிருந்து எங்கள் பேச்சு இந்த ஒன்றுதான்.

"என்ன ஓய், உம்ம பேத்திக்குத் தலையை மழிச்சாச்சா?"

"இல்லை. சடை பின்னிக்கலாமாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பிரிவுதானாம், ஒரே டிரில்தானாம்."

"சடையா! அப்போ ரிப்பனும் கட்டிண்டு போருக்குப் போலாம்."

"சர்தார் பையன் ஒருத்தன் தலைப்பாகையோட இருக்கானாம்."

"கனடாவுல சார்ஜெண்ட் திட்டறதுக்கு முன்னாடி எக்ஸ்க்யூஸ் மீ சொல்லுவான்னு கேள்வி. நிஜமா? எங்க பையனோட சார்ஜெண்ட் மூக்குக்கு மூக்கு வெச்சுக் கத்துவானாம். எச்சில் தெறிக்குமாம்!"

எச்சிலிலும்கூட அவர்கள் ஒரு படி மேல். எனக்கு எரிந்தது. எழுபத்தெட்டு வயதில் ஒருவனுக்கு இப்படி எரியுமா என்றால், எரிந்தது. அவரை மடக்க ஏதாவது கிடைக்காதா என்றே நான் பேத்தியின் ஃபோனுக்குக் காத்திருந்தேன்.

ஆரம்பத்தில் ஃபோனையெல்லாம் வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மணி நேரம் கொடுப்பார்கள். நமக்கு அது திங்கள் விடியற்காலை. மகள் காபி கலந்துகொண்டே ஸ்பீக்கரில் போடுவாள். கியூபெக்கில் ஒரே ஒரு பெரிய கட்டடமாம். தூங்குவது, சாப்பிடுவது, பாடம் எல்லாம் அதற்குள்ளேயேதான். ஆங்கிலத்தில் பாதி, பிரெஞ்சில் பாதி அதட்டல். காலையில் சோதனைக்குக் கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. பல் தேய்க்கும் பிரஷில் ஈரம் இருக்கக் கூடாது.

"அது எப்படிடீ? பல்லே தேய்க்கப்படாதா?" என்றாள் மகள்.

"ரெண்டு பிரஷ் வெச்சுக்கணும்மா. காட்டறதுக்கு ஒண்ணு, தேய்க்கறதுக்கு ஒண்ணு. எல்லாருக்கும் தெரியும், சார்ஜெண்டுக்கும் தெரியும். யாரும் சொல்ல மாட்டா."

மகள் அடுப்பை அணைத்துவிட்டுச் சிரித்தாள். ஒருவர் தப்பு செய்தால் மொத்தப் பிரிவும் தண்டால் எடுக்க வேண்டும். கண்ணீர்ப் புகை நிரப்பிய அறையில் முகமூடியைக் கழற்றிவிட்டுத் தன் ராணுவ எண்ணைச் சொல்ல வேண்டும். நடுவில் காயம்பட்டோ வேறு காரணத்தாலோ விலகினால், பின்னால் வரும் பிரிவில் சேர்த்துவிடுவார்கள். அதைப் பின்னுக்குத் தள்ளுவது என்று சொன்னாள்.

"அமெரிக்காக்காரன் மாதிரிக் கத்துவாளா?" என்று நான் கேட்டேன்.

"கத்தறதுக்குக் குறைச்சலே இல்லை. கத்தி முடிச்சுட்டு, தண்ணி குடிச்சியா, கால்ல கொப்புளம் இருக்கான்னு கேப்பா. அதான் வித்தியாசம்."

இந்தக் கடைசி வரியை நான் பெஞ்சில் சொல்லவில்லை. சொன்னால் அவர் சிரிப்பார்.

பயிற்சிக்குள் போகும் முன் அவள் எனக்கு ஒரு எண் அனுப்பியிருந்தாள். அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்ற இடத்தில் அம்மாவை விட்டு என் பேரை எழுதியிருந்தாள். "அம்மா பதறுவா. தாத்தாதான் நிதானமான ஆள்" என்று காரணம் சொன்னாள். "வீட்டுல ஏதாவதுன்னா இந்த நம்பர்ல சொல்லுங்கோ. நான் காட்டுல இருந்தாலும் தேடி வந்து சொல்லுவா." நான் அதை டைரியில் எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

பயிற்சியின் நான்காவது வாரத்தில் மகளுக்குக் கண் மஞ்சளித்தது. காமாலை என்று நினைத்தோம். ஸ்கேன் எடுத்த பிறகு, என் பேத்தி வயதே இருக்கும் டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்கு அழைத்தார். கணையத்தில் கட்டி, ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார். எத்தனை மாதம் என்று கேட்டேன். "மாசம்னு நினைக்காதீங்க அங்கிள். வாரம்னு நினைச்சுக்குங்க" என்றார்.

மகளிடம் மறைக்கவில்லை. அவள் அலுவலகத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவள், காகிதத்தைப் படிக்கத் தெரியும். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அப்பா, குழந்தையை வரச் சொல்லுங்கோ."

சரி என்றேன். அன்று மாலை பெஞ்சுக்குப் போனேன். மகளின் விஷயத்தைச் சொல்லாமல், பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"உம்ம பேரன் டிரெய்னிங்ல இருந்தப்போ வீட்டுல ஒருத்தருக்கு ஒண்ணுன்னா விட்டிருப்பாளா?"

"நீர் வேற! என் சம்பந்தி போனாரே, அவனைத் தூக்கி வளர்த்த தாத்தா. அதுக்கே வரலையே. அமெரிக்கன் ஆர்மி ஓய்! செத்தாலும் லீவ் கிடையாது."

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு என் பழைய நாற்காலி நினைவுக்கு வந்தது. ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் பணியாளர் பிரிவில் இருந்தவன் நான். லீவ் விண்ணப்பங்கள் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். ஊரிலிருந்து வரும் தந்திகள் எல்லாம் ஒரே வாசகம். மதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி. மே மாதத்தில் பாதி பேருக்கு அம்மா சீரியஸ். நாங்கள் அதைப் படித்துச் சிரிப்போம். "போன வருஷமும் இதே அம்மாதானே?" என்று ஒருவனை நிற்க வைத்துக் கேட்டிருக்கிறேன். அவன் அம்மா அந்த வாரமே இறந்துபோனாள். அப்போதும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை, லீவை மட்டும் அனுமதித்தேன். கனடாவில் ஒரு மேஜைக்குப் பின்னால் என்னைப் போல ஒருவன் உட்கார்ந்து, என் பேத்தியைப் பார்த்துச் சிரிப்பான் என்று எனக்குத் தோன்றியது.

இது ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் சொல்கிறேன், இதுதான் பெரிது. அவள் பாதியில் வந்தால் பின்னுக்குத் தள்ளப்படுவாள். "சடைக்காரி திரும்பி வந்துட்டாளா?" என்று பெஞ்சில் ஒருவர் கேட்பார். என் மகள் சாகக் கிடக்கும்போது நான் அதை நினைத்தேன். பேத்தியின் எதிர்காலத்துக்காகத்தான் சொல்லாமல் இருந்தேன் என்று உறவினர்களிடம் சொன்னேன். அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியும்வரை சாவைச் சொல்லாமல் வைப்பது எங்கள் குடும்பங்களில் புதிதல்ல. அதைப் பொறுப்பு என்று நினைப்போம்.

அடுத்த திங்கள் பேத்தி அழைத்தபோது, அம்மாவுக்கு வைரல் ஜுரம், தொண்டை கட்டிப் பேச்சு வரவில்லை என்றேன். வீடியோவில் காட்டச் சொன்னாள். மழையில் நெட் சரியில்லை என்றேன். மகள் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவளுடைய ஃபோன் என் சட்டைப் பையில் இருந்தது. பிறகு வந்த திங்கள்களிலும் அதை வெளியே எடுத்துப் போய், தொண்டை இன்னும் சரியாகவில்லை என்றே சொன்னேன்.

மகளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பார்த்துக்கொள்ள மான்குர்தில் இருந்து ஓர் அம்மாள் வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, தாராவியில் பிறந்து வளர்ந்தவள், ஆஸ்பத்திரிகளில் ஆயா வேலை பார்த்தவள். மகள் தினமும் என்னைக் கேட்டாள், "சொன்னேளா?" மூன்று நாள் "லைன் கிடைக்கலை" என்றேன். நான்காம் நாள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"சொல்லியாச்சும்மா. லீவ் கேட்டாளாம். கிடைக்கலை."

அவள் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கேட்டாளா?"

"கேட்டா."

"அழுதாளா?"

"அழுதா."

"பாவம். ஆர்மின்னா அப்படித்தானே. கேட்டாளோல்லியோ, அது போறும்."

அதன் பிறகு அவள் கேட்கவே இல்லை. சமையலறையில் ஆயா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினாள்.

"என்னய்யா இப்படிச் சொல்லுதீய? நீங்க ஃபோன் பண்ணவே இல்லையே."

"உங்களுக்குத் தெரியாது. அவ வாழ்க்கை அது."

"எனக்கு என்ன தெரியும். ஆனா அக்கா ராத்திரியெல்லாம் பாப்பா பேரைத்தான் சொல்லுது. சொல்லிருங்கய்யா. நாளைக்கு அந்தப் புள்ள வந்து கேட்டா யாரு பதில் சொல்ல?"

நான் டைரியை எடுத்தேன். கோடு போட்ட எண்ணைப் பார்த்தேன். மூடி வைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மகள் போனாள். கொள்ளி நான் வைத்தேன். சாஸ்திரிகளிடம் பேத்தியைப் பற்றிக் கேட்டேன். "தெரியாதவாளுக்குத் தீட்டு கிடையாது. காதுல விழுந்த நாள்லேர்ந்துதான்" என்றார். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் சுத்தமாக அணிவகுப்பில் நிற்கலாம். சாஸ்திரமே எனக்கு அனுமதி கொடுத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ என் மகளின் படத்தைப் போட்டு அஞ்சலி எழுதினார்கள். குழுவை நடத்துபவன் நான்தான். படத்தை நீக்கச் சொன்னேன். போதாதென்று பேத்தியையும் குழுவிலிருந்து எடுத்தேன்.

பயிற்சி முடிந்த அணிவகுப்பை ஃபோனில் நேரடியாகப் பார்க்க முடிந்தது. அதற்குள் பெஞ்சு நண்பருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது, மயானத்துக்கு வந்தவர்தான். என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். பச்சை உடுப்பில் எல்லோரும் ஒன்றுபோல இருந்தார்கள். கடைசி வரிசையில் அவளைக் கண்டுபிடித்தோம். கை ஒரே உயரத்தில் எழுந்து இறங்கியது.

"நன்னா நடக்கறா ஓய்" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்க பையனைவிட நன்னாவே நடக்கறா."

இரண்டு மாதமாக நான் காத்திருந்த வார்த்தை அது. அந்த ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஒரு மணி நேரத்தில் அவள் அழைத்தாள். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"பாத்தேளா தாத்தா? அம்மா எங்கே? தொண்டை சரியாயிடுத்தா?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. திரையில் அவள் முகம் அசையவில்லை. நெட் நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

"என்னிக்கு?" என்று கேட்டாள்.

நாளைச் சொன்னேன்.

"அன்னிக்கு நாங்க காட்டுலேர்ந்து திரும்பி வந்தோம். சார்ஜெண்ட் எல்லாருக்கும் சாக்லேட் குடுத்தார். நான் அம்மாவுக்குக் காட்டணும்னு உறையை எடுத்து வெச்சேன்." பிறகு கேட்டாள்: "தாத்தா, என் பிரிவுல ஒருத்தனோட அப்பா செத்துப்போனார். அவா வீட்டுலேர்ந்து அந்த நம்பருக்குத்தான் ஃபோன் வந்தது. முகாம்ல இருக்கற பாதிரியார் வந்து அவனைத் தனியாக் கூட்டிண்டு போய்ச் சொன்னார். மறுநாள் பிளேன்ல ஏத்தி விட்டா. அவன் இப்போ அடுத்த பிரிவுல இருக்கான். யாரும் அவனைப் பாத்துச் சிரிக்கலை. உங்களுக்கு நம்பர் எதுக்குக் குடுத்தேன்?"

அவளே துண்டித்தாள். பிறகு பல வாரங்கள் பேச்சில்லை. ஒரு செய்தி மட்டும் வந்தது. அவசரத் தொடர்புக்குத் தன் பிரிவில் கூட இருந்த ஒரு பெண்ணின் பேரைக் கொடுத்துவிட்டதாக.

தீபாவளிக்குப் பெஞ்சு நண்பரின் பேரன் விடுமுறையில் வந்தான். நல்ல பையன், தமிழ் கொச்சையாக இருந்தாலும் பேசுவான். என் மகளுக்காகத் துக்கம் விசாரித்தான். உன் இன்னொரு தாத்தா போனபோது உன்னை விடவில்லையாமே என்று நான் கேட்டேன்.

"விடலையா? யார் சொன்னா? என்கிட்ட யாருமே சொல்லலை அங்கிள். டிரெய்னிங் முடிஞ்ச அப்புறம்தான் அப்பா சொன்னார். எங்க ஆர்மியும் அனுப்பும். மெசேஜ் வந்தா உடனே அனுப்பும்."

பக்கத்தில் நண்பர் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். நிமிரவில்லை. அந்தக் குடும்பமும் எங்களைப் போலவே மறைத்திருக்கிறது. மறைத்ததைச் சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்டு, பழியை ஒரு ராணுவத்தின் மேல் போட்டிருக்கிறது. நானும் என் மகளிடம் அதையேதான் செய்தேன். எந்த ராணுவம் கடுமை, எந்த ராணுவம் மென்மை என்று இரண்டு கிழவர்கள் மாதக் கணக்கில் வாதாடினோம். இரண்டுமே தங்கள் ஆளை வீட்டுக்கு அனுப்பத் தயாராக இருந்திருக்கின்றன. அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் பெஞ்சில் சொன்னதை நான் ஒரு ஃபோன் செய்து சரிபார்த்திருக்கலாம்.

டிசம்பரில் பேத்தி வந்தாள். பத்து நாள். தலைமுடியைத் தோள் வரைக்கும் வெட்டியிருந்தாள். என்னிடம் கோபமாகப் பேசவில்லை. மரியாதையாகப் பேசினாள், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அம்மாவின் புடவைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது, திரும்பாமலே கேட்டாள்.

"அம்மா என்னைப் பத்தி என்ன சொன்னா? நான் ஏன் வரலைன்னு கேட்டிருப்பாளே."

அங்கே நான் மூன்றாவது பொய்யைச் சொல்லியிருக்கலாம். கேட்கவே இல்லை, மயக்கத்தில் இருந்தாள் என்று. அந்த வாக்கியம் வாய்வரை வந்தது. நான் உண்மையைச் சொன்னேன். நீ லீவ் கேட்டு அழுததாகவும் அவர்கள் மறுத்ததாகவும் நான் சொன்னேன்; கேட்டாளே, அது போதும் என்று உன் அம்மா சொன்னாள் என்று.

அவள் கையில் இருந்த புடவையைக் கட்டிலில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் கேட்கவே இல்லையே தாத்தா" என்றாள். "கேட்டேன்னு நினைச்சுண்டு போயிருக்கா. நான் அன்னிக்கு சாக்லேட் தின்னுண்டிருந்தேன்."

"தப்பு என்னோடது."

"தெரியும்." என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "நீங்க இப்போ சொன்னது நிஜம்னு நான் எப்படி நம்பறது? இது என் மனசு ஆறறதுக்காகச் சொன்ன பொய்யா இருந்தா?"

நிஜம்தான் என்று சத்தியம் செய்ய வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். கடைசி வாரங்களில் வேறு யார் வீட்டில் இருந்தார்கள் என்று கேட்டாள். மான்குர்த் ஆயாவைச் சொன்னேன். விலாசம் கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். தமிழ் அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும் என்பதால் ஆங்கிலத்தில் எழுதினேன்.

"நானும் வரேன். ஸ்டேஷன்லேர்ந்து உள்ளே நடக்கணும், சந்து புரியாது" என்றேன்.

"வேண்டாம். கேட்டுண்டு போவேன்."

காலை பத்து மணிக்குச் செம்பூர் ஸ்டேஷனுக்குப் போனாள். மூன்று ஸ்டேஷன்கூட இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் திரும்பி வந்தாள். கண் வீங்கியிருந்தது. கையில் ஆயா கொடுத்த அதிரசப் பொட்டலம் இருந்தது. முகம் கழுவிக்கொண்டு வந்து, எனக்கும் ஒன்று தட்டில் வைத்தாள். ஆயா என்ன சொன்னாள், எதைச் சொன்னாள், எதை விட்டாள் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் மகளின் கடைசி நாட்களைப் பற்றி அந்த வீட்டில் இருந்த நான் சொன்னது, அவளுக்கு இனி ஒரு சாட்சியம் அல்ல. அதிரசத்தைச் சாப்பிட்டோம். மறுநாள் காலை அவள் மீண்டும் மான்குர்துக்குப் புறப்பட்டாள்.